குடிலுக்குள் ஒரு பூனை

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் அண்ணன் கிறிஸ்துமஸ் குடில் கட்டியிருந்தான். வைக்கோல் கூரை, ஆற்று மணல், முளைவிட்ட கேழ்வரகுப் பச்சை, களிமண்ணில் பிடித்த ஆடுகள். கூரை விளிம்பு முழுக்க வெள்ளி ஜிகினா. டிசம்பர் 24 சாயங்காலம் ஆச்சி விளக்கேற்றப் போனபோது, மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவில் எங்கள் பூனை மீனு சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு இடையர்கள் கவிழ்ந்து கிடந்தார்கள். அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு ஓடினான். ஆச்சி தடுத்துவிட்டாள்.

"விடுல. மாடும் கழுதையும் இருக்கலாம், பூன மட்டும் இருக்கக் கூடாதா?"

ஆச்சி சொன்னதில் நியாயம் இருந்தது. 1223-ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சோ என்ற மலைக் கிராமத்தில் அசிசியின் பிரான்சிஸ் அமைத்த குடிலைத்தான் நாம் இன்று கட்டும் குடில்களுக்கெல்லாம் முன்னோடி என்பார்கள். அதில் மண் பொம்மை கிடையாது. வைக்கோல் போட்ட தீவனத் தொட்டியும், பக்கத்தில் உயிருள்ள மாடும் கழுதையும் இருந்தன. கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தில் விலங்குகளுக்கு அப்போதே இடம் கொடுத்தாயிற்று.

ஆனால் மீனு அன்று குடிலில் தூங்க மட்டும் செய்யவில்லை. ஒரு முழ நீள ஜிகினாவையும் விழுங்கியிருந்தது. அது எங்களுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

பூனை ஏன் ஜிகினாவைத் தின்ன வேண்டும்? பசியால் அல்ல. காற்றில் நெளிந்து மினுங்குகிற எதுவும் பூனையின் கண்ணுக்கு இரை. பல்லியின் வால், பூச்சியின் இறகு, மீனின் செதில் எல்லாம் அப்படித்தானே அசையும்? பாய்ந்து பிடிக்கும், கடிக்கும். இதுவரை விளையாட்டுதான். கடித்த பிறகு அதைத் துப்ப முடியாமல் போவதுதான் ஆபத்து.

உங்கள் வீட்டுப் பூனை எப்போதாவது உங்கள் கையை நக்கியிருக்கிறதா? உப்புத்தாள் உரசியதுபோல் இருந்திருக்குமே! பூனையின் நாக்கில் நூற்றுக்கணக்கான குட்டி முட்கள் இருக்கின்றன. நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனவை. 2018-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் அவற்றை நுட்பமாகப் படம் பிடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முள்ளின் நுனியும் சிறு அகப்பைபோல் குழிந்திருந்தது. அந்தக் குழி எச்சிலை மொண்டுபோய் முடியின் அடிவரைக்கும் சேர்க்கிறது. பூனை நாள் முழுக்கத் தன்னை நக்கிக்கொண்டே சுத்தமாக இருப்பதன் ரகசியம் இதுதான். சீப்பும் தண்ணீர்க் குவளையும் ஒரே நாக்கில்!

அந்த முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. அதனால் நாக்கில் சிக்கிய நூலோ ஜிகினாவோ உள்ளே போகுமே தவிர வெளியே வராது. பூனை துப்பத்தான் பார்க்கும். நாக்கு அசைய அசைய நூல் இன்னும் உள்ளே நகரும்.

உள்ளே போன பிறகு என்ன ஆகும்? பாவாடை நாடாவை நினைத்துக்கொள்ளுங்கள். நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு துணியைத் தள்ளினால் துணி கொசுவம் கொசுவமாகச் சுருங்கும், இல்லையா? ஜிகினாவின் ஒரு முனை நாக்கின் அடியில் சுற்றிக்கொண்டோ, இரைப்பையின் வாசலில் சிக்கிக்கொண்டோ நின்றுவிடும். மறுமுனை குடலுக்குள் போய்விடும். குடல் சும்மா இருக்காது. உள்ளே வந்ததைத் தள்ளுவதுதான் அதன் வேலை. அலை அலையாகச் சுருங்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். நூல் நகராது, குடல்தான் நூல்மேல் ஏறிக் கொசுவமாகச் சுருங்கும். இறுகின நூல் கத்திபோல் குடலை அறுக்கவும் செய்யும்.

மீனு 26-ஆம் தேதி மீன் தலையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நுரை நுரையாய் வாந்தி எடுத்தது. மேசைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. அப்பா அதன் வாயைத் திறந்து பார்த்தபோது நாக்குக்கு அடியில் வெள்ளியாய் ஒரு கோடு தெரிந்தது. அப்பா அதைப் பிடித்து இழுக்கப் போனார். பக்கத்து வீட்டு அத்தை கோழி வளர்ப்பவர், கால்நடை மருத்துவமனைக்கு அடிக்கடி போய் வருபவர். "அண்ணே, இழுக்காதீங்க! டாக்டர்ட்ட காட்டுங்க" என்று கத்தினார். அந்த ஒரு கத்தல்தான் மீனுவைக் காப்பாற்றியது. இழுத்திருந்தால் குடல் கிழிந்திருக்கும் என்று மருத்துவர் பிறகு சொன்னார். வயிற்றைத் திறந்து, குடலில் மூன்று இடத்தில் வெட்டி, ஜிகினாவைத் துண்டு துண்டாக எடுத்தார். வெளியே எடுத்ததை ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துக் காட்டினார். மினுக்கமெல்லாம் போய் அழுக்கு நூலாகக் கிடந்தது. மீனு பிழைத்துக்கொண்டது. அதன் பிறகு எங்கள் வீட்டுக் குடிலில் ஜிகினாவே கிடையாது. காகிதப் பூவும் கலர்த்தாள் நட்சத்திரமும்தான்.

பூனையின் வாயிலோ, பின்பக்கத்திலோ நூல் நீட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள். அப்படியே மருத்துவரிடம் கொண்டு போங்கள். பரிசுப் பெட்டி கட்டும் ரிப்பன், தையல் நூல், பலூன் கட்டிய நூல், பூக்கட்டும் நார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பூனையின் நாக்கைப் பற்றி இன்னொரு செய்தி. அதற்கு இனிப்பே தெரியாது! இனிப்பை உணர நாக்கில் ஓர் ஏற்பி வேண்டும். அதைக் கட்ட இரண்டு மரபணுக்கள் தேவை. பூனையிடம் அவற்றில் ஒன்று பழுதாகிக் கிடக்கிறது என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். புலிக்கும் இதே கதைதான். அப்படியானால் கேக்கைச் சுற்றி வரும் பூனை எதற்காக வருகிறது? வெண்ணெய்க்கும் கிரீமுக்கும். சர்க்கரை நமக்குத்தான் சர்க்கரை.

நாய் அப்படியில்லை. நாய்க்கு இனிப்பு நன்றாகவே தெரியும், பிடிக்கவும் செய்யும். அதனால்தான் கிறிஸ்துமஸ் கேக்கைப் பொறுத்தவரை பூனையைவிட நாயைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். நம் மூக்கில் மணத்தை உணரும் செல்கள் ஐம்பது, அறுபது லட்சம் இருக்கும். நாயின் மூக்கில் இருபது கோடிக்கு மேல். அலமாரியின் மேல்தட்டில், டப்பாவுக்குள், துணி சுற்றி வைத்திருந்தாலும் "இங்கே கேக் இருக்கிறது" என்று நாய்க்குத் தெரியும். கீழே வைத்த கேக் உங்களுடையது அல்ல என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

கேக்கில் என்ன கெடுதல்? முதலில் சாக்லேட். கோகோ மரத்துக்கு லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் 1753-இல் தியோபுரோமா என்று பெயர் வைத்தார். 'தேவர்களின் உணவு' என்று பொருள். அதிலிருந்து வந்த பெயர்தான் தியோபுரோமின். காப்பியில் இருக்கும் கஃபீனுக்கு உடன்பிறப்பு மாதிரியான ஒரு பொருள். நம் ஈரல் அதை வேகமாக உடைத்துவிடும். நாயின் ஈரலுக்கு அந்த வேகம் இல்லை. உடலில் சேர்ந்ததில் பாதி குறையவே அதற்கு 17 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கிறிஸ்துமஸ் அன்று காலை எட்டு மணிக்குத் தின்ற சாக்லேட்டில் பாதி, நடு இரவு தாண்டி ஒரு மணிக்கும் அதன் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இதயம் படபடவென்று அடிக்கும், நாய் நிலைகொள்ளாமல் அலையும், வாந்தி எடுக்கும், அளவு கூடினால் வலிப்பு வரும்.

ஒரு கணக்குப் போடுவோமா? நாயின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 20 மில்லிகிராம் தியோபுரோமின் போனாலே தொந்தரவு தொடங்கலாம். பால் சாக்லேட்டில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் இருக்கிறது. பத்துக் கிலோ நாய்க்கு 100 கிராம் சாக்லேட் அந்த எல்லை. இரண்டு கிலோ குட்டி என்றால்? 20 கிராம் போதும். கறுப்புச் சாக்லேட்டில் தியோபுரோமின் இரண்டு மூன்று மடங்கு. கேக்கில் போடும் கோகோ தூளில் பத்து மடங்குக்குக்கூடப் போகும். ஆகவே எவ்வளவு தின்றது என்பதோடு எந்த வகை என்பதையும் பார்க்க வேண்டும். மருத்துவரிடம் போகும்போது உறையையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

சாக்லேட்டைவிட என்னை அதிகம் பயமுறுத்துவது உலர்திராட்சை. பிளம் கேக்கில் கைநிறையப் போடுகிறோமே, அதேதான். சாக்லேட்டுக்கு மேலே சொன்னமாதிரி கணக்காவது உண்டு. திராட்சைக்கு அதுவும் இல்லை. ஒரு நாய் நிறையத் தின்றும் ஒன்றும் ஆகாமல் இருக்கும். இன்னொன்று கொஞ்சம் தின்றதும் இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் செயலிழந்து படுத்துவிடும். காரணம் என்ன என்று மருத்துவர்கள் பல வருஷம் குழம்பினார்கள். பூச்சிமருந்தா? பூஞ்சையா? எதுவும் ஒத்துவரவில்லை.

துப்பு கிடைத்தது திராட்சையிலிருந்து அல்ல, பிள்ளைகள் விளையாடும் மாவிலிருந்து. அமெரிக்காவில் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பின் நச்சு உதவி மையத்துக்கு, வீட்டில் செய்த விளையாட்டு மாவைத் தின்ற நாயைப் பற்றித் தகவல் வந்தது. திராட்சை தின்ற நாய்க்கு என்ன ஆகுமோ அதுவே அந்த நாய்க்கும் ஆகியிருந்தது. அந்த மாவில் திராட்சை ஒன்றுகூட இல்லை. ஆனால் கிரீம் ஆஃப் டார்டர் என்ற வெள்ளைப் பொடி நிறைய இருந்தது. அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையில் இருக்கும் அமிலமும் அதேதான்! திராட்சையின் வகை, பழுத்த பக்குவம் இவற்றைப் பொறுத்து அமிலத்தின் அளவு மாறும். ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாமல் இன்னொன்றுக்கு ஆபத்தாவது ஏன் என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. 2021-இல் அந்த மையத்தின் மருத்துவர்கள் இதை வெளியிட்டார்கள்.

இப்போது நீங்களே யோசியுங்கள். நம் சமையலறையில் டார்டாரிக் அமிலம் நிறைந்த பொருள் எது?

புளி.

ஆமாம், புளியைப் புளிக்கவைப்பதே அந்த அமிலம்தான். அதே மருத்துவர்கள் பிறகு வெளியிட்ட அறிக்கையில், புளி தின்று சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நாயையும் சேர்த்திருந்தார்கள். எங்கோ ஒரு நாட்டு நாய் விளையாட்டு மாவைத் தின்றது, நம் வீட்டுப் புளிப்பானையை மூடி வைக்கச் சொல்கிறது. இப்படிப்பட்ட இடங்களில்தான் எனக்கு அறிவியல்மேல் பிரியம் கூடிப்போகிறது. ஆக, கேக்குக்காக ஊறவைத்த திராட்சைக் கிண்ணம் தரையில் இருக்கக் கூடாது. அது ரம்மில் ஊறியது என்றால் சாராயக் கெடுதலும் சேர்ந்துகொள்ளும்.

வீட்டில் சர்க்கரை நோய் உள்ள தாத்தாவுக்காக 'சுகர் ஃப்ரீ' இனிப்பு வாங்கியிருக்கிறீர்களா? உறையில் சைலிடால் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சைலிடாலைச் சர்க்கரை என்று நம்பி நாயின் கணையம் இன்சுலினைக் கொட்டிவிடும். உள்ளதோ சர்க்கரை இல்லை. ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையும் சடசடவென்று இறங்கி, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நாய் தள்ளாடி விழலாம்.

மதியம் பிரியாணி. "ஒரு கை பிரியாணி வச்சா என்ன?" என்று கேட்காத வீடு இல்லை. எங்கள் வீட்டு நாய் மணிக்கும் அப்படித்தான் வைத்தோம், தெரியாமல். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் உடைத்துவிடும். வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்தக் குணம் போகாது. பூனைக்கு இன்னும் சீக்கிரம் பாதிக்கும். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது: சோர்வும் ஈறு வெளுப்பும் சில நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் பிரியாணி தின்றதையே நாம் மறந்திருப்போம்.

எலும்பும் வேண்டாம். நாய்க்கு எலும்பு போடுவது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக வருகிற பழக்கம், எனக்குத் தெரியும். ஆனால் வெந்த கோழி எலும்பு காய்ந்த குச்சிபோல் உடையும். நுனி ஊசியாக இருக்கும். தொண்டையிலும் குடலிலும் குத்தும். அதற்குப் பதில் மசாலா போடும் முன்னே இரண்டு துண்டுக் கோழிக்கறியை எடுத்து, உப்பில்லாமல் வேகவைத்து, எலும்பு நீக்கிச் சோற்றோடு பிசைந்து வையுங்கள். அவித்த முட்டையும் கேரட்டும் நாய்க்கு நல்லது. அதுவும் பண்டிகைச் சாப்பாடுதான், அதன் உடம்புக்கு ஏற்ற பண்டிகைச் சாப்பாடு.

கோயில் மணி அடித்ததும் வெடி தொடங்கும். எங்கள் பக்கத்தில் தீபாவளிக்குச் சமமாகக் கிறிஸ்துமஸுக்கும் வெடிப்பார்கள். எங்கள் நாய் மணி அந்த நேரத்தில் கட்டிலுக்கு அடியில், சுவரோடு சுவராக ஒட்டிக் கிடக்கும். கையை வைத்தால் உடம்பு முழுக்க நடுங்குவது தெரியும். மூச்சு இரைக்கும், தரையெல்லாம் எச்சில் சொட்டும். சின்ன வயதில் நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நம் காது ஒரு நொடிக்கு 20,000 அதிர்வு வரைக்கும் கேட்கும். நாயின் காது 40,000-க்கு மேலும் கேட்கும், பூனையின் காது ஏறக்குறைய 80,000 வரை. எலிகள் தங்களுக்குள் கீச்சிடும் மெல்லிய ஒலியைப் பிடிக்க அப்படி ஒரு காது வேண்டும். அந்தக் காதுக்குப் பக்கத்தில்தான் நாம் அணுகுண்டு வெடிக்கிறோம். இந்தியாவில் வெடி ஒன்று நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல். "இரண்டு மடங்குதானே" என்று தோன்றும், ஆனால் டெசிபல் கணக்கே வேறு. ஒவ்வொரு பத்து டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். 60-க்கும் 120-க்கும் இடையில் பத்து லட்சம் மடங்கு! அதுவும் நமக்கு வெடி என்று தெரியும், எப்போது முடியும் என்றும் தெரியும். நாய்க்கு அது முன்பின் தெரியாத இடி.

2018-இல் உச்ச நீதிமன்றம் கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் வெடிக்க நேரம் குறித்தது: இரவு 11.55 முதல் 12.30 வரை. அதாவது 35 நிமிடம். இது நமக்கு நல்ல வசதி, திட்டம் போட்டுக்கொள்ளலாம். பதினொரு மணிக்கே நாயை வெளியே கூட்டிப்போய்ச் சிறுநீர் கழிக்கவிட்டு, வீட்டின் உள்ளறையில் விடுங்கள். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையோ பாட்டையோ ஓடவிடுங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றைப் போட்டுவையுங்கள், உங்கள் மணம் அதற்குத் துணை. "பயப்படும்போது தடவிக் கொடுத்தால் இன்னும் பயந்தாங்கொள்ளி ஆகிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. பயம் ஒரு குறும்பு அல்ல, நாம் தட்டிக் கொடுப்பதால் வளர்வதற்கு. உங்களிடம் ஒட்டிக்கொள்ள வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். ஒளிந்துகொள்ள விரும்பினால் இழுக்காமல் விட்டுவிடுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் வீட்டுத் தொலைபேசி எண் இருக்கட்டும். வெடிச் சத்தத்தில் கட்டை அறுத்துக்கொண்டு ஓடின நாய்கள் வழி தெரியாமல் தெருத்தெருவாக அலைவதை நான் பார்த்திருக்கிறேன்.

கேரல் பாட வருகிறவர்களோடு கிறிஸ்துமஸ் தாத்தாவும் வருவார். பேண்டு வாத்தியத்துக்குத் தாளம் தப்பாமல் ஆடுவார். நமக்குக் கொண்டாட்டம். நாய் மட்டும் தொண்டை வற்றக் குரைக்கும். ஏன் தெரியுமா? நாய் நம் முகத்தைப் படிக்கும். கண், வாய், புருவம் பார்த்தும் "இவர் நல்லவர்" என்று முடிவு செய்யும். முகமூடி போட்டவரிடம் படிக்க ஒன்றுமில்லை. அசையாத சிரிப்பு, அசையாத கண், கையில் ஒரு தடி. பயப்படாமல் என்ன செய்யும்? தாத்தா வரும் அரை மணி நேரத்துக்கு அதை உள்ளே கட்டிவிடுங்கள். விருந்துக்கு வந்த குட்டித் தம்பிகளிடமும் சொல்லிவையுங்கள்: நாய் அடிக்கடி உதட்டை நக்கினால், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விட்டால், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் வெள்ளை தெரியப் பார்த்தால், "என்னைத் தனியாக விடு" என்று அது கேட்கிறது. அப்போது விலகிவிட வேண்டும். மீறிக் கடித்துவிட்டால் அல்லது பிறாண்டிவிட்டால், திட்டுவார்களோ என்று மறைக்கவே கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, பெரியவர்களோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வளர்ப்பு நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது.

சீரியல் லைட் விஷயம் குட்டி நாய் வைத்திருப்பவர்களுக்கு. நான்கு மாதம் முதல் ஆறு மாதம் வரை குட்டிக்குப் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும். ஈறு குறுகுறுக்கும், எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். மினுக்கு மினுக்கு என்று எரியும் பல்பு குட்டியாக இருப்பதால் மின்சாரமும் குட்டிதான் என்று நினைத்துவிடாதீர்கள். விலை குறைந்த பல சீரியல் செட்டுகள் நேராக 230 வோல்ட்டில் ஓடுகின்றன. வயரை ஆள் உயரத்துக்கு மேலே கட்டுங்கள். குட்டிக்கு ஷாக் அடித்தால் முதலில் ஓட வேண்டியது சுவிட்சுக்கு, குட்டியிடம் அல்ல. பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரியும் இதே வகை ஆபத்துதான். விழுங்கினால் ஈரம் பட்ட இடத்தில் காரம் உண்டாகி, சில மணி நேரத்திலேயே தொண்டைச் சதையை அரித்துவிடும்.

பூங்கொத்தில் லில்லி இருந்தால், பூனை உள்ள வீட்டுக்குள் அது வேண்டவே வேண்டாம். மகரந்தம் உடம்பில் ஒட்டி, அதை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும். குளத்து அல்லியைச் சொல்லவில்லை, அது வேறு குடும்பம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் டிசம்பரில் சிவந்து நிற்கும் பாயின்செட்டியாவைக் கொடிய விஷம் என்பார்கள். அது அவ்வளவு இல்லை. அதன் பால் பட்டால் வாய் எரியும், ஒரு வாந்தி எடுக்கும், அவ்வளவுதான்.

கூண்டில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறீர்களா? (பச்சைக்கிளி என்றால், அதை வீட்டில் வைத்திருப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.) அதைச் சமையலறையிலிருந்து தூரமாக வையுங்கள். நாம் இழுத்த மூச்சு போன வழியே திரும்பி வரும். பறவைக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். பறக்கத் தேவையான ஆக்சிஜன் முழுவதும் அப்படித்தான் கிடைக்கிறது. காற்றில் விஷம் இருந்தால் அதுவும் அதே வேகத்தில் முழுவதுமாக ஏறிவிடும். பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரி குருவிகளைக் கொண்டுபோனது இதனால்தான். விஷவாயு மனிதர்களைத் தாக்குமுன் குருவி சுருண்டுவிடும். கேக் செய்யும் நான்ஸ்டிக் பாத்திரம் காய்ந்து அதிகமாகச் சூடேறினால் வரும் புகை நமக்குத் தெரியக்கூட மாட்டாது, கூண்டில் இருக்கும் பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். வாசனை மெழுகுவத்தியும் பக்கத்தில் வேண்டாம்.

இப்போது உங்களுக்கு ஒரு செய்முறை. கருவி எதுவும் தேவையில்லை. அலங்காரம் எல்லாம் முடிந்த பிறகு முன்னறை வாசலில் நின்று, அப்படியே கையை ஊன்றி நான்கு காலில் தவழுங்கள். மூக்கு தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கட்டும். மெதுவாக அறை முழுக்கச் சுற்றி வாருங்கள். நின்றுகொண்டு பார்த்தபோது தெரியாதது எத்தனை தெரிகிறது பாருங்கள். நான் போன வருஷம் என் வீட்டில் தவழ்ந்தபோது கண்டவை: சோபாவுக்கு அடியில் ஒரு உலர்திராட்சை, ரிப்பன் துண்டு ஒன்று, மின்கம்பியின் தொங்கும் வளையம், குடில் ஓரத்தில் பிய்ந்து கிடந்த பஞ்சு, யாரோ கடித்துப் போட்ட சாக்லேட் உறை. ஐந்தும் என் கண்ணுக்கு எதிரேதான் கிடந்திருக்கின்றன. உங்களுக்குத் தம்பி தங்கை இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், போட்டியே வைக்கலாம்.

இவ்வளவு பார்த்தும் உங்கள் நாயோ பூனையோ எதையாவது தின்றுவிட்டால், உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உப்பே அதற்கு விஷமாகிவிடும். பாலும் மருந்து அல்ல. என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். டிசம்பர் 25 அரசு விடுமுறை, பல கால்நடை மருத்துவமனைகளும் மருந்தகங்களும் மூடியிருக்கும். அதனால் 24-ஆம் தேதி காலையிலேயே அப்பா அம்மாவிடம் சொல்லி, உங்கள் ஊரில் அன்று எந்த மருத்துவர் பார்ப்பார் என்று விசாரித்து, அவருடைய எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் குடிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.